கல்லில் உரித்த நார்

அரை கிராம் போதும்.
வலது நுரையீரலின் கீழ்மடலில்
கட்டி படராத இடமாகப் பார்த்து
வெட்டி அனுப்புகிறார்கள்.
நான் அதைக் கரைக்கிறேன்.
துணி வெளுக்கும் அதே குளோரின் நீர்தான்,
என் வீட்டிலும் இருக்கிறது
சின்க்குக்கு அடியில், நீல மூடி போட்டு.
சதை கரையும். இரத்தம் கரையும்.
கரி அடம்பிடிக்கும்.
கல் கரைவதே இல்லை.

மிஞ்சியதை வடிதாளில் இறக்கி
மைக்ராஸ்கோப்பின் கீழ் நகர்த்தி நகர்த்தி
எண்ணுவது என் வேலை.
பெயர் நிவெஸ். பதினெட்டு வருடமாக எண்ணுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது
எட்விஜே பார்பானோ, வயது எழுபத்தொன்று.
தொழில் என்ற கட்டத்தில்: தையல், மணப்பெண் உடைகள்.
கல்நார்த் தொடர்பு என்ற கட்டத்தில்
யாரோ ஒரு கோடு இழுத்திருந்தார்கள்,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல.

ஆலைக்குள் அவள் கால் வைத்ததில்லை.
கட்டிக்கொள்ளவும் இல்லை,
அதனால் எவன் சட்டையையும் உதறித் துவைத்ததில்லை.
போ ஆற்றின் கரையில் மூன்றாம் மாடி.
ஜன்னல் ஆலையைப் பார்த்து.
ஜூலையில் ஜன்னலை யார் சாத்துவார்கள்?

முதல் பார்வையிலேயே ஒன்று அகப்பட்டது.
ஊசிபோல நேராக,
மேலே இரும்பு படிந்து
தேன் நிறத்தில், மணி மணியாக.
மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல்
அவள் நுரையீரல் அதைப் பொதிந்துவைத்திருந்தது
நாற்பது வருடம்.

ஆகாத காரியத்தைக்
கல்லில் நார் உரிப்பது என்பார்கள்.
ஆலை அதை மூன்று ஷிப்டில் செய்தது.
உரித்த நாரைச் சிமென்ட்டில் பிசைந்து
கூரை வார்த்தது, குழாய் வார்த்தது,
மிஞ்சிய தூளைச் சும்மா கொடுத்தது.
ஒரு லிராகூட வேண்டாம், வாளி கொண்டுவந்தால் சரி.
குளிர் இறங்காமல் இருக்கப் பரணில் பரப்பினார்கள்.
ஞாயிறுதோறும் போச்சே உருட்டும் களத்தில்
என் மாமா ஓஸ்வால்தோ கொட்டிச் சமன் செய்தார்.
மழைக்குச் சேறாகாது. பந்து சொன்னபடி ஓடும்.
எட்டு வயதில் என்னிடம் ஒரு குச்சி கொடுத்து
எல்லைக்கோடு கீறச் சொன்னார்கள்.
குனிந்து ஊதினால்
கோடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

தூள் என்னவென்று தெரிந்தவர்கள்
மூச்சு விடவில்லை.
நாங்கள் விட்டோம்.
இழுத்தோம்.

எட்விஜேயின் கணக்கு:
உலர்ந்த ஒரு கிராமுக்கு முப்பது லட்சம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும் என்றது நீதிமன்றம்,
எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரண ஆளுடையது.
மலைமேல் ஓர் ஊரிலிருந்து வந்தது.
பாலாடைக்கட்டி செய்தவர், லாரி மோதி இறந்தவர்.
அவரிடமும் இருந்தது.
குறைவு. மிகக் குறைவு.
பூஜ்யம் இல்லை.
வெறும் வடிதாளையும் எண்ணிப் பார்த்தேன்,
என் குழாய்த் தண்ணீரில் வந்திருக்குமோ என்று.
அது வெறுமையாகத்தான் இருந்தது.
பிரேக் கட்டையா, மாட்டுக்கொட்டகைக் கூரையா,
மலையே காற்றில் உதிர்த்ததா,
எந்த இழையும் நின்று
தன் ஊர்ப்பெயர் சொல்வதில்லை.

வக்கீல் போனில் கேட்டார்:
அப்படியானால் எவ்வளவு இருந்தால் இயல்பு?
அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது, அனுப்புகிறேன் என்றேன்.
பதினேழு பேரின் சராசரி.
அந்தப் பதினேழு பேரும்
ஏதோ ஒரு கூரையின் கீழ் தூங்கியவர்கள்
என்று சொல்ல வாய் வந்தது.
அவர் அதற்குள் வைத்துவிட்டார்.

ஜனவரியில் எங்களுக்கும் மருத்துவப் பரிசோதனை.
அதே கட்டம் அந்தப் படிவத்திலும்.
வருடாவருடம் கோடுதான் இழுத்திருக்கிறேன்.
இந்தத் தடவை எழுதினேன்:
போச்சே களம். எட்டு வயது. ஊதினேன்.

நர்ஸ் படித்தாள். நிமிர்ந்தாள்.
எத்தனை நாள் இருக்கும் என்றாள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளை
எண்ணத் தொடங்கினேன்.